பனிக்கட்டிக்குப் பட்டா யார் பேரில்?

கேள்வி இதுதான்: "கனடாவின் ஆர்க்டிக் தீவுகளில் ஆளே இல்லை. அப்புறம் அது கனடாவுக்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அமெரிக்கா ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது? கொடி நட்டுவிட்டு வந்தால் போதுமா?"

முதலில் இரண்டு திருத்தம். ஆள் இருக்கிறார்கள். நுனாவுட் என்ற ஆட்சிப்பகுதி மட்டும் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்புப்படி அங்கே 36,858 பேர், மொத்தம் 25 ஊர்கள், எந்த ஊரிலிருந்தும் அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் இனுயிட் மக்கள், கனடா என்ற பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். "ஆளே இல்லை" என்று நீங்கள் மட்டும் நினைக்கவில்லை, தலைநகர் ஒட்டாவாவில் கோப்பு பார்த்தவர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால் வந்த வினையைத்தான் கீழே நிறைய சொல்லப்போகிறேன்.

இரண்டாவது, நிலத்தைப் பற்றி அமெரிக்காவுக்குச் சண்டை இல்லை. தீவுகள் கனடாவுடையவை என்பதை இன்று எந்த நாடும் மறுக்கவில்லை. தகராறு தீவுகளுக்கு நடுவே கிடக்கும் தண்ணீரைப் பற்றியது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "கனடாவிடமிருந்து ஆர்க்டிக்கைப் பிடுங்கப் போகிறார்கள்" என்கிற மாதிரித் தலைப்புகள் வருகின்றன.

நம் ஊர் நிலத் தகராறு தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பட்டா ஒருவர் பேரில் இருக்கும், அனுபவம் இன்னொருவர் கையில் இருக்கும், வரி ரசீதை மூன்றாவது ஆள் காட்டுவார். கோர்ட்டுக்குப் போனால் யார் உண்மையில் உழுதார், வேலி போட்டார், தண்ணீர் பாய்ச்சினார் என்றுதான் முதலில் கேட்பார்கள். நாடுகளுக்கு இடையிலும் ஏறக்குறைய இதே கேள்விதான். 1928-ல் பால்மாஸ் என்ற சின்னத் தீவுக்காக நெதர்லாந்தும் அமெரிக்காவும் மோதிய வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹூபர் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: கண்டுபிடித்தேன் என்பது அரைகுறை உரிமைதான், தொடர்ந்து, எதிர்ப்பில்லாமல் அங்கே ஆட்சி நடத்திக் காட்டியிருக்க வேண்டும்.

கனடாவின் பட்டா 1880-ல் வந்தது. பிரிட்டன் ஒரு அரசாணை போட்டு ஆர்க்டிக் தீவுக்கூட்டத்தைக் கனடாவுக்கு எழுதிக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால் கொடுத்தவருக்கும் எல்லை தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. எத்தனை தீவு இருக்கிறது என்ற கணக்கே அப்போது யாரிடமும் இல்லை. பிறகு 1898 முதல் 1902 வரை நார்வேக்காரர் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் போய், ஆக்ஸல் ஹைபர்க் முதலிய பெரிய பெரிய தீவுகளை வரைபடத்தில் ஏற்றி, நார்வே மன்னர் பேரில் உரிமை கோரிவிட்டுத் திரும்பினார். கனடாவுக்கு அடிவயிறு கலங்கியது. கேப்டன் பெர்னியே என்ற கியூபெக் மாலுமி 1909 ஜூலை 1-ஆம் தேதி மெல்வில் தீவில் ஒரு பாறை மேல் பலகை பதித்து, மொத்தத் தீவுக்கூட்டமும் கனடாவுடையது என்று அறிவித்தார். பாறைக்கு முன்னால் கேட்க ஆள் யாருமில்லை. நார்வே விவகாரம் கடைசியில் 1930-ல்தான் முடிந்தது, அதுவும் காசு கொடுத்து: ஸ்வெர்ட்ரூப்பின் வரைபடங்களுக்கும் குறிப்பேடுகளுக்கும் கனடா 67,000 டாலர் கொடுத்தது, நார்வே அந்தத் தீவுகள் மீது கனடாவின் இறையாண்மையை ஏற்றுக்கொண்டது.

காகிதமும் பலகையும் போதாது என்பது அதற்குள் ஒட்டாவாவுக்குப் புரிந்திருந்தது. 1920-களில் எல்ஸ்மியர் தீவில் போலீஸ் சாவடிகள் வைத்தார்கள். 1922-ல் கிரெய்க் ஹார்பர், 1926-ல் இன்னும் வடக்கே பேச் தீபகற்பம். அங்கே திருட யாருமில்லை, பிடிக்க யாருமில்லை. பேச்சில் ஒரு தபால் நிலையத்தையும் திறந்தார்கள். கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் உண்டு, கடல் உறைந்திருந்தால் அதுவும் இல்லை. ஆனால் தபால் முத்திரை என்பது அரசின் முத்திரை, "இதோ பார், இங்கே ஆட்சி நடக்கிறது" என்று நாளைக்கு ஒரு நடுவர் முன்னால் எடுத்து நீட்ட ஓர் ஆதாரம். கேட்க நகைச்சுவையாக இருந்தாலும் சட்டப்படி இது புத்திசாலித்தனமான செலவுதான்.

சிரிக்க முடியாத ஆதாரமும் ஒன்று உண்டு. 1920-ல் பாஃபின் தீவின் வடக்கே ராபர்ட் ஜேன்ஸ் என்ற ரோம வியாபாரி, தன் வியாபாரம் நொடித்து, தனியாக மாட்டிக்கொண்டு, அங்கிருந்த இனுயிட் மக்களையும் அவர்கள் நாய்களையும் கொன்றுவிடுவதாக மிரட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆள் ஆபத்து என்று கூட்டம் கூடி முடிவு செய்து, நூக்காலாக் என்பவர் அவரைச் சுட்டார். அவர்கள் வழக்கப்படி அது எல்லாரையும் காப்பாற்றச் செய்த காரியம். கனடா அரசு 1923-ல் ஒரு கப்பலில் நீதிபதி, வக்கீல்கள் எல்லாரையும் ஏற்றி பாண்ட் இன்லெட்டுக்கு அனுப்பி, கப்பல் ஆட்களையே ஜூரிகளாக உட்கார வைத்து விசாரணை நடத்தியது. நூக்காலாக்குக்குப் பத்தாண்டு சிறை, தெற்கே மானிடோபாவில். அங்கே காசநோய் பிடித்தது, 1925-ல் திருப்பி அனுப்பினார்கள், ஊர் வந்த சில மாதங்களில் இறந்துபோனார். அவர் செய்தது சரியா தவறா என்று தனியாக வாதாடலாம். எனக்குத் தெரிந்தவரை அந்த விசாரணையின் பார்வையாளர்கள் பாண்ட் இன்லெட்டில் இல்லை, வெளிநாட்டுத் தலைநகரங்களில் இருந்தார்கள். எங்கள் சட்டம் இவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அவர்களுக்குக் காட்டத்தான் அத்தனை செலவு.

1933-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது, கனடா வழக்கில்லை, ஆனால் கனடாவுக்கு அதிர்ஷ்டம். கிழக்கு கிரீன்லாந்தை நார்வே தன்னுடையது என்றது, டென்மார்க் எதிர்த்தது, ஹேக் நகரில் இருந்த சர்வதேச நீதிமன்றம் டென்மார்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆள் நடமாட்டம் குறைந்த இந்த மாதிரி இடங்களில் கொஞ்சம் ஆட்சி நடத்தினாலே போதும், எதிராளியிடம் அதைவிடப் பெரிய உரிமை இல்லாதவரை. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு 20 ஆண்டு கழித்துக் கனடா செய்த காரியத்துக்குச் சட்டப்படி தேவையே இருக்கவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நிலைமை மாறியது. சோவியத் குண்டுவீச்சு விமானம் வந்தால் வடதுருவம் வழியாகத்தான் வரும் என்பதால் அமெரிக்கர்கள் வடக்கே இறங்கினார்கள். வானிலை நிலையங்கள், ஓடுதளங்கள், பிறகு 1950-களின் நடுவில் அலாஸ்காவிலிருந்து கிழக்கு வரை ஒரு ரேடார் சங்கிலி. பல இடங்களில் கனடா மண்ணில் கனடாக்காரரைவிட அமெரிக்கர் அதிகம். இன்னொரு பக்கம் கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் உறைந்த கடலைத் தாண்டி எல்ஸ்மியருக்கு வந்து கரடி அடித்துக்கொண்டு போனார்கள், அவர்களுக்கு அது காலங்காலமான வேட்டைக்காடு. 1953 டிசம்பரில் பிரதமர் லூயி சான் லோரான் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார், இத்தனை காலம் வடக்கை ஏறக்குறைய ஞாபகமே இல்லாமல்தான் ஆண்டுகொண்டிருந்தோம் என்ற பொருளில்.

அந்த ஆண்டு கோடையில்தான் அந்தக் கப்பல் புறப்பட்டது. பெயர் சி. டி. ஹவ். வடக்கு கியூபெக்கில் ஹட்சன் விரிகுடா கரையில் இருக்கும் இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து சில இனுயிட் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோனார்கள். 1955-ல் இன்னொரு தொகுதி. வழியில் பாண்ட் இன்லெட்டிலும் சில குடும்பங்களை ஏற்றினார்கள், புதியவர்களுக்கு இருட்டில் வேட்டையாடக் கற்றுக்கொடுக்க வேண்டுமே, அதற்கு. மொத்தம் 92 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

போலீஸ்காரர் வீடு வீடாக வந்து சொன்னது: அங்கே வேட்டை ஏராளம், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடலாம். அந்தக் காலத்தில் அரசாங்கக் கடைக்கும் மருந்துக்கும் உதவித்தொகைக்கும் எல்லாவற்றுக்கும் அந்தப் போலீஸ்காரர் கையைத்தான் பார்க்க வேண்டும், அப்படிப்பட்ட ஆள் வந்து "போகிறீர்களா" என்று கேட்டால் அது கேள்வியா? பெயர் உச்சரிக்க வரவில்லை என்று ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டு கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லியே ஏட்டில் ஏற்றிய காலம் அது. எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பினார்கள். எல்ஸ்மியர் தீவை நெருங்கியபோதுதான் உங்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் இறக்கப்போகிறோம் என்று சொன்னார்கள்: சிலர் அங்கேயே கிரைஸ் ஃபியோர்டில், மற்றவர்கள் இன்னொரு தீவில் இருக்கும் ரெசல்யூட்டில். பெண்கள் அழுததையும், அதைக் கேட்டுக் கப்பலில் இருந்த நாய்கள் ஊளையிட்டதையும் அன்று சிறுவனாக அங்கே இருந்த ஜான் அமகோவாலிக் பல ஆண்டுகள் கழித்து விசாரணை ஆணையத்தில் சொன்னார். இந்தப் பெயரையும் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் தினம் கொஞ்ச நேரம் வெயில் வரும். பறவை, முட்டை, காட்டுப்பழம், பலவகை மீன் கிடைக்கும். இறக்கிவிட்ட இடத்தில் ஆண்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே கிடையாது. பனிவீடு கட்டத் தோதான பனி ஆரம்பத்தில் இல்லை, முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். அங்கே கண்ணுக்கு எதிரே திரிந்த கஸ்தூரி எருதுகளைத் தொடக்கூடாது, பாதுகாக்கப்பட்ட விலங்கு. ரெசல்யூட்டில் இறக்கப்பட்டவர்கள் பக்கத்து விமானப்படைத் தளத்தின் குப்பைமேட்டில் மரப்பலகையும் மிச்ச உணவும் பொறுக்கினார்கள். இரண்டு ஊர்களுக்கும் இனுயிட் மக்கள் வைத்த பெயர்களே விஷயத்தைச் சொல்லிவிடும். கிரைஸ் ஃபியோர்டுக்கு "ஆயுய்த்துக்", உருகாத இடம். ரெசல்யூட்டுக்கு "கௌசுய்த்துக்", விடியாத இடம்.

இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காற்றோடு போயிற்று. அரசு பல பத்தாண்டுகள் சொன்ன காரணம், இனுக்ஜுவாக்கில் வேட்டை குறைந்தது, நரி ரோமத்தின் விலை விழுந்தது, மக்கள் உதவித்தொகையை நம்பத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தோம் என்பது. அதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம், அப்போதைய அதிகாரிகளில் சிலர் மனதார அப்படி நம்பியும் இருக்கலாம். ஆனால் 1994-ல் ஆதிகுடிகளுக்கான அரச ஆணையம் கோப்புகளையும் சாட்சிகளையும் பார்த்துவிட்டு, இறையாண்மைக் கவலையும் இந்த முடிவில் பங்கு வகித்தது என்று எழுதியது. போனவர்களின் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மனிதக் கொடிக்கம்பங்கள். 1996-ல் ஒரு கோடி டாலர் அறக்கட்டளை நிதி, 2010 ஆகஸ்டில் முறையான மன்னிப்பு. அதே ஆண்டு இரண்டு ஊரிலும் கல் சிலை வைத்தார்கள். கிரைஸ் ஃபியோர்டில் ஒரு பெண்ணும் சிறுவனும் நாயும் ரெசல்யூட் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறார்கள். ரெசல்யூட்டில் ஓர் ஆண் தனியாக நின்று கிரைஸ் ஃபியோர்ட் பக்கம் பார்க்கிறான்.

நான் மேலே சொன்னது இதுதான்: 1933 தீர்ப்பு இருக்கும்போது, எல்ஸ்மியரை யாருமே கேட்காதபோது, இத்தனை பேரைக் கொண்டுபோய்ப் போட்டுத்தான் அந்தத் தீவைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை 1953-ல் இல்லவே இல்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

தீவுகளுக்கு நடுவே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வழிகளைத்தான் வடமேற்குப் பாதை என்கிறார்கள். கனடா சொல்வது, அது என் வீட்டு முற்றம், உள்நாட்டு நீர், யார் வந்தாலும் என் அனுமதி வேண்டும். அமெரிக்கா சொல்வது, அது இரண்டு பெருங்கடல்களை இணைக்கும் சர்வதேச நீரிணை, எந்தக் கப்பலும் கேட்காமல் கடந்து போகலாம். அமெரிக்காவுக்கு இந்த முற்றத்தின் மேல் தனியாக ஆசை இல்லை. இங்கே விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஹோர்முஸ், மலாக்கா, இன்னும் எங்கெங்கோ இருக்கும் நீரிணைகளில் கரையோர நாடுகள் இதையே காட்டி "அனுமதி கேள்" என்று நிற்குமே என்பதுதான் அதன் கடற்படையின் கவலை. அந்தக் கோணத்தில் பார்த்தால் அவர்கள் பிடிவாதமும் புரிகிறது.

அலாஸ்காவில் எண்ணெய் கிடைத்த மறு வருடம், 1969-ல், மன்ஹாட்டன் என்ற ராட்சத அமெரிக்க எண்ணெய்க் கப்பலைப் பனியைப் பிளக்கும்படி மாற்றிக் கட்டி இந்தப் பாதையில் அனுப்பிப் பார்த்தார்கள். கனடாவிடம் முறையாக அனுமதி கேட்கவில்லை. கனடா என்ன செய்தது தெரியுமா? தன் பனியுடைப்புக் கப்பலையும் கூடவே அனுப்பியது, மன்ஹாட்டன் பனியில் சிக்கியபோது விடுவித்தும் கொடுத்தது. கதவைத் தட்டாமல் நுழைந்தவருக்கு நாமே விளக்குப் பிடித்து வழிகாட்டினால், பிற்பாடு "நான் விருந்தாளியாகத்தான் அழைத்துப் போனேன்" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. கப்பல் அலாஸ்கா போய் அடையாளத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் எண்ணெயுடன் திரும்பியது. இந்த வழி கட்டுப்படியாகாது என்று தெரிந்து பிறகு குழாய் போட்டார்கள். ஆனால் கனடாவுக்கு உறைத்துவிட்டது. 1970-ல் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு, கரையிலிருந்து 100 கடல் மைல் வரை எந்தக் கப்பலும் எங்கள் மாசுக்கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று சட்டம் போட்டது. எனக்கு இந்த நகர்வு ரொம்பப் பிடிக்கும். இறையாண்மை என்ற வார்த்தையையே எடுக்காமல், எண்ணெய் கொட்டினால் யார் சுத்தம் செய்வது என்று கேட்டார்கள். அதை யாரால் மறுத்துப் பேச முடியும்? 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில், பனி மூடிய கடல்களில் கரையோர நாடு மாசுக்கட்டுப்பாட்டு விதி போடலாம் என்று 234-ஆவது பிரிவு ஒன்று வந்ததே, அது கனடா விடாப்பிடியாக நின்று வாங்கியது.

1985-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் போலார் சீ என்ற பனியுடைப்புக் கப்பல் கிரீன்லாந்திலிருந்து அலாஸ்காவுக்கு இந்தப் பாதை வழியே போனது. போகிறோம் என்று தகவல் சொன்னார்கள், போகலாமா என்று கேட்கவில்லை. கனடா அரசு, கேட்காத அனுமதியைத் தானாகவே வழங்கியது! பொதுமக்கள் கொதித்தார்கள், சிலர் ஒரு சிறு விமானத்தில் பறந்துபோய்க் கப்பல் மேல் கனடாக் கொடியைப் போட்டுவிட்டு வந்தார்கள். செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் ஜோ கிளார்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, தீவுக்கூட்டத்தின் வெளி விளிம்பைச் சுற்றி நேர்கோடுகள் வரைந்து அதற்கு உட்பட்ட நீர் முழுவதும் உள்நாட்டு நீர் என்று அறிவித்தார், 1986 ஜனவரி 1 முதல் அமல். எங்கள் இறையாண்மை நிலம், கடல், பனிக்கட்டி மூன்றையும் சேர்த்தது என்றும் சொன்னார். அந்த மூன்றாவது சொல்தான் முக்கியம்.

1988-ல் இரண்டு நாடும் செய்துகொண்ட ஒப்பந்தம் ராஜதந்திரத்தில் பாடமாக வைக்கலாம். அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் கனடாவின் சம்மதத்துடன்தான் அந்த நீரில் போகும், ஆனால் இதனால் இருவரின் சட்ட நிலைப்பாடும் துளியும் மாறாது. அதாவது நான் கேட்கிறேன், ஆனால் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீ தருகிறாய், ஆனால் நான் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் இப்படியே ஓடுகிறது, நடுவில் 2019-ல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் மைக் பாம்பியோ கனடாவின் கோரிக்கை செல்லாது என்று வெளிப்படையாகப் பேசி ஒரு சலசலப்பை உண்டாக்கியதைத் தவிர.

இப்போது அந்தப் பனிக்கட்டி. ஒட்டாவா வக்கீல் வரைந்த நேர்கோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், "எந்த உரிமையில் வரைந்தாய்" என்ற கேள்வி வரும். பதில் இனுயிட் மக்களிடம் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி அந்தக் கடல் உறைந்து கிடக்கும். அவர்களுக்கு அது கடல் இல்லை, தரை. அதன் மேல்தான் நாய்வண்டி ஓட்டினார்கள், இப்போது ஸ்னோமொபைல் ஓட்டுகிறார்கள். அதன் மேல் கூடாரம் போட்டு, கடல்நாய் மூச்சுவிட வரும் துளைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து வேட்டையாடுகிறார்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் முனைக்கும் பெயர் உண்டு. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து பழகிய வழி நடுவில் கிடக்கிறது, அதைப் போய் வெறும் கப்பல் பாதை என்று எப்படிச் சொல்வது?

1993-ல் இனுயிட் மக்களும் கனடா அரசும் கையெழுத்திட்ட நுனாவுட் நில உடன்படிக்கையின் 15-ஆவது பகுதியில் இதை ஒரு வரியாகவே எழுதிவிட்டார்கள்: தீவுக்கூட்டத்து நீர் மீதான கனடாவின் இறையாண்மைக்கு இனுயிட் மக்களின் பயன்பாடும் வாழ்வும் துணைநிற்கின்றன என்று. அந்த உடன்படிக்கையிலிருந்துதான் 1999 ஏப்ரல் 1-ல் நுனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடி "நுனாவுட்டின் தந்தை" என்று பெயர் வாங்கியவர் யார் தெரியுமா? ஜான் அமகோவாலிக். 1953-ல் அந்தக் கப்பலில் நாய்கள் ஊளையிட்டதைக் கேட்ட அதே சிறுவன். இறக்கிவிட்டவர்கள் அவரைக் கொடிக்கம்பமாக நினைத்தார்கள், அவரோ நாற்பது ஆண்டு கழித்துக் கனடாவுக்கு ஆகப் பலமான ஆவணம் கிடைக்க வழிசெய்தார், அதற்குப் பதிலாகத் தன் மக்களுக்கு நிலமும் ஆட்சியும் வாங்கினார்.

ஹான்ஸ் தீவைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். எல்ஸ்மியருக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் 1.3 சதுர கிலோமீட்டர் மொட்டைப் பாறை. 1973-ல் கனடாவும், கிரீன்லாந்தை வைத்திருக்கும் டென்மார்க்கும் கடல் எல்லை பிரிக்கும்போது இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். 1984-ல் டென்மார்க் அமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து கொடியும் ஒரு மதுப்புட்டியும் வைத்துவிட்டுப் போனார், கனடாக்காரர்களும் தங்கள் கொடியும் விஸ்கியும் வைத்தார்கள், இப்படியே பல வருடம். 2022 ஜூன் 14-ல் பாறையைக் குறுக்கே கோடு போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள். விஸ்கிக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அதற்கு "தார்த்துப்பாலுக்" என்று இனுயிட் பெயர் ஏற்கெனவே உண்டு, சிறுநீரக வடிவம் என்று பொருள், கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் அதன் மேல் ஏறி நின்று பனியில் கரடி தேடுவார்கள். ரஷ்யா 2007-ல் வடதுருவக் கடலடியில், 4,000 மீட்டருக்கும் கீழே, டைட்டானியக் கொடி நட்டதும் இதே ரகம்தான். சட்டத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம். கடலடிப் பாறை எந்தக் கண்டத்தின் நீட்சி என்பதை அளந்து ஐ.நா. ஆணையத்திடம் கொடுப்பதுதான் அங்கே செல்லும், ரஷ்யா, டென்மார்க், கனடா மூன்றும் அதைக் கொடுத்துமிருக்கின்றன. ஆக உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில், போதாது.

எது போதும் என்றால், அங்கேதான் கனடா சறுக்குகிறது. 2007-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், பயன்படுத்து இல்லாவிட்டால் இழந்துவிடு என்று முழங்கி, நானிசிவிக் என்ற பழைய சுரங்கத் துறைமுகத்தைக் கடற்படை நிலையமாக்கப் போவதாக அறிவித்தார். திட்டம் சுருங்கிச் சுருங்கிக் கோடையில் மட்டும் எண்ணெய் நிரப்பும் இடமாகி, பதினைந்து ஆண்டு தாண்டியும் முழுதாக இயங்கவில்லை. 2025 மார்ச்சில் பிரதமர் மார்க் கார்னி நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட் வந்து 600 கோடி டாலர் ரேடார் திட்டத்தை அறிவித்தார். அங்கே உண்மையில் தினசரி காவல் காப்பது ரேஞ்சர்கள் என்ற பகுதிநேரப் படை. 1947-ல் தொடங்கியது, சிவப்பு மேற்சட்டைதான் அடையாளம், வடக்கே பெரும்பாலும் உள்ளூர் இனுயிட் மக்கள்தான். குளிரில் உறையாமல் சுடும் என்பதற்காக உலகப்போர் காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை 2018 வாக்கில் மாற்றும் வரை வைத்திருந்தார்கள். வடமேற்குப் பாதையைத் தேடிப்போன பிரிட்டிஷ்காரர் ஃபிராங்க்ளினின் பயணத்தில் 1848-ல் பனியில் கைவிடப்பட்டுப் பிறகு மூழ்கிய டெரர் கப்பலை 2016-ல் கண்டுபிடிக்க வழிகாட்டியவரும் ஓர் இனுயிட் ரேஞ்சர்தான்.

ஆனால் அந்த ரேஞ்சர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுப் பற்றாக்குறையில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கிக்கொண்டு படுத்திருக்கும். 25 ஊருக்கும் டீசல்தான் மின்சாரம், அந்த டீசல் கோடைக் கப்பலில் வர வேண்டும். பால், காய்கறி விலை தெற்கே இருப்பதைப்போலப் பல மடங்கு. நூக்காலாக்கைக் கொன்ற காசநோய் இன்னும் அங்கே இருக்கிறது, இனுயிட் பகுதிகளில் அதன் விகிதம் கனடாவில் பிறந்த, ஆதிகுடிகள் அல்லாத மக்களைவிட ஏறக்குறைய 300 மடங்கு என்று கணக்குக் காட்டிய ஆண்டும் உண்டு, 2030-க்குள் ஒழிப்போம் என்று 2018-ல் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உலக நாடுகளிடம் "இவர்கள் இங்கே வாழ்கிறார்கள், அதனால் இது எங்கள் நீர்" என்று சொல்லும் அரசு, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

இதற்கு நடுவே பனி உருகுகிறது. கப்பல்கள் கூடுகின்றன, 2016-ல் ஆயிரம் பயணிகளோடு ஓர் உல்லாசக் கப்பலே முழுப் பாதையையும் கடந்தது, அனுமதி கேட்டுத்தான். 234-ஆவது பிரிவு ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிய கடலுக்குத்தான் பொருந்தும். உறைந்த கடல் எங்களுக்குத் தரை என்ற வாதமும் உறைந்திருக்கும் வரைதான். வசந்தத்தில் எந்தப் பனி தாங்கும், எது தாங்காது என்று தாத்தா சொல்லிக்கொடுத்த கணக்கு இப்போது ஒத்துவரவில்லை என்று அங்கே உள்ள வேட்டைக்காரர்கள் சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, பழகிய வழியிலேயே பனி உடைந்து ஸ்னோமொபைலோடு தண்ணீருக்குள் போனவர்களும் உண்டு.